கார்த்திகையில் போட்ட கருப்பு

என் தங்கை புருஷன் அர்த்தநாரியைப் பற்றி இந்தத் திருப்பூரில் யாரைக் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். மலேயாவிலிருந்து திரும்பி வந்து பனியன் கம்பெனி ஆட்களுக்குக் காலால் சண்டை போடச் சொல்லிக்கொடுத்தவர் என்பார்கள். அது நிஜம். மெட்ராஸில் போலிக் கருப்பு பெல்ட்டோடு கையும் களவுமாகப் பிடிபட்டவர் என்பார்கள். அந்தப் பேச்சு எப்படி வந்தது என்று சொல்லவேண்டியவன் நான். வாயைத் திறக்கவே எனக்குக் கிட்டத்தட்ட மூன்று வருஷம் ஆகிவிட்டது. இந்த லட்சணத்தில் நான் ஊருக்குள் பெரிய மனுஷன்.

என் பெயர் கன்னையன். நொய்யல் கரையில் சாயப்பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் இரண்டு வீடும் தறிக்காரக் குடும்பம், வருஷம் தவறாமல் முருகனுக்குக் காவடி எடுக்கிற வகையறா. எனக்குக் கோபம் முந்திக்கொண்டு ஓடிவரும், புத்தி பின்னால் நடந்து வரும். அர்த்தநாரிக்கு எல்லாமே நிதானம். ஒரு டம்ளர் காபியைக்கூட ஏதோ நேர்த்திக்கடன் மாதிரி மெதுவாகத்தான் குடிப்பார். பார்க்கிறவனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

1952-இல் நூல் கிடைக்காமல் தறிகள் நின்றுபோனபோது அவருக்குப் பத்தொன்பது வயது. மலேயாவில் ஈப்போ என்கிற ஊரில் அவருடைய சித்தப்பா துணிக்கடை வைத்திருந்தார், கூப்பிட்டுக்கொண்டார். ஆறு வருஷம் கழித்து இரண்டு மாத விடுப்பில் வந்து என் தங்கை நல்லம்மாளைக் கட்டினார். தாலி கட்டிய மஞ்சள் கயிறு வெளுப்பதற்குள் திரும்பவும் கப்பல் ஏறினார். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷத்தில் இரண்டே தரம் வந்தார். குழந்தை ஒன்று பிறந்து பதினோரு நாளில் போய்விட்டது. அதற்கும் அவர் இங்கே இல்லை. என் வீட்டுச் சமையலறையில் என் தங்கை வெங்காயம் உரித்தே வயதானாள். எனக்கு அவர்மேல் ஆத்திரம் இல்லாமல் எப்படி இருக்கும்?

அறுபத்து நாலில் ஒரு கடிதம் வந்தது. லிம் என்கிற சீனக்காரரிடம் டேக்வாண்டோ படிக்கிறேன், கொரியா தேசத்துச் சண்டை, கடையைச் சாத்திய பிறகு சாயங்காலம் போகிறேன் என்று எழுதியிருந்தார். கடிதத்தை நான்தான் சத்தம் போட்டுப் படித்தேன். முப்பத்தொரு வயதில் கல்யாணமான ஆள், பெண்டாட்டியை இங்கே விட்டுவிட்டு, அங்கே சீனனிடம் உதை படிக்கிறானாம் என்று சொல்லிச் சிரித்தேன். நல்லம்மாள் சிரிக்கவில்லை. "தனியா இருக்கற மனுசனுக்கு என்னமோ ஒண்ணு வேணுமில்லீங்களாண்ணா," என்றாள்.

அந்தப் படிப்பில் இடுப்பில் கட்டுகிற பட்டையின் நிறம்தான் தகுதி. முதலில் வெள்ளை. பிறகு மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு. கடைசியில் கருப்பு. ஒவ்வொன்றுக்கும் பரீட்சை உண்டு. ஐந்து வருஷத்தில் அவர் சிவப்புக்கு வந்தார். அடுத்தது கருப்புதான் என்று கடிதத்தில் அடிக்கோடு போட்டு எழுதினார். அதற்குள் அங்கே கலவரம் நடந்தது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைச் சீட்டு கிடையாது என்றார்கள். எழுபதாம் வருஷம் ஒரு தகரப் பெட்டியோடு நாகப்பட்டினத்தில் வந்து இறங்கினார். பதினெட்டு வருஷ உழைப்புக்குப் பெட்டியில் நாலு சட்டை, நல்லம்மாளுக்கு ஒரு சேலை, ஒரு வெள்ளை உடுப்பு, அந்தச் சிவப்பு பெல்ட். வேறொன்றும் இல்லை. பெல்ட்டின் முனையில் லிம் மாஸ்டர் தன் கைப்பட அவர் பெயரை எழுதியிருந்தார். அதை வேட்டித் துண்டில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார்.

முப்பத்தேழு வயதில் ரத்தினசாமியின் பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். முதலில் தையல்காரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொடுக்கிற கைமடி வேலை. அது சின்னஞ்சிறுசுகள் செய்கிற வேலை. பிறகு கட்டிங் மேஜைக்குப் போனார். காலை எட்டு மணிக்கு நின்றால் ராத்திரி எட்டு வரைக்கும் நிற்கவேண்டும். சிமெண்ட் தரை காலை உறிஞ்சிவிடும். இதோடு தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, வாசலில் தனியாக நின்று, காற்றை உதைத்துக்கொண்டிருப்பார். பால்காரி ராமாத்தாள் ஒருநாள் பயந்து செம்பைக் கீழே போட்டுவிட்டு, "உங்க மாப்பிள்ளைக்கு ஏதாச்சும் மந்திரிச்சுப் பாருங்க சாமி," என்று என்னிடம் சொன்னாள்.

ரத்தினசாமியின் அக்கா மகன் திருமூர்த்தி கோயமுத்தூரில் காலேஜ் முடித்துவிட்டு வந்து கம்பெனியைச் சுற்றிக்கொண்டிருந்தான். அவன்தான் இதைக் கண்டுபிடித்தான். மாமனை நச்சரித்து, கம்பெனியின் துணிக் குடோனைக் காலை ஐந்தரை முதல் ஏழரை வரைக்கும் வாங்கிக்கொடுத்தான். எழுபத்திரண்டில் வகுப்பு ஆரம்பமானது. கட்டிங் ஆட்கள், தையல்காரர்கள், இஸ்திரி போடுகிறவர்கள், வண்டிக்காரர் மணியன் என்று இருபது பேர் சேர்ந்தார்கள். எல்லாரும் வளர்ந்த ஆட்கள். பாதிப் பேருக்குத் தொப்பை. மணியனால் குனிந்து தன் கால் கட்டை விரலைத் தொட முடியாது. ஊரில் இதைக் கராத்தே என்றார்கள். "கராத்தே இல்லீங்க, டேக்வாண்டோங்க," என்று இரண்டு வருஷம் எல்லாருக்கும் திருத்திச் சொன்னார். அப்புறம் அலுத்துப்போய் விட்டுவிட்டார்.

முதலில் உடுப்பைக் கம்பெனித் துணியிலேயே தைத்தார்கள். பனியன் துணிதான் இழுத்த இழுப்புக்கு வருமே! ஒரே மாதத்தில் சட்டைக் கை முழங்காலைத் தொட்டது. காலைத் தூக்கி உதைத்தால் கால்சட்டை தனியாகப் போனது. பிறகு காடாத் துணியில் தைத்தார்கள். பெல்ட்டும் காடாவில்தான். நாலு மடிப்பு மடித்து, நெருக்கித் தையல் ஓட்டி, ஆளுக்கு ஒரு வெள்ளைப் பட்டை.

அங்கேதான் நான் வருகிறேன். நிறத்துக்கு நிறம் புதுப் பட்டை தைக்க எவனிடம் வசதி இருக்கிறது? ஒருவன் பரீட்சையில் தேறினால் அர்த்தநாரி அவனுடைய பட்டையை என் பட்டறைக்குக் கொண்டுவருவார். நான் அதையே அடுத்த நிறத்தில் முக்கித் தருவேன். வெள்ளையை மஞ்சளில் போடலாம். மஞ்சள்மேல் நீலத்தைக் கொஞ்சம் விட்டால் பச்சை. பச்சைமேல் இன்னும் நீலம் ஏற்றினால் நீலம். நீலத்தின்மேல் சிவப்பு ஏறாது, அழுக்கு ஊதாவாக நிற்கும். அதற்குப் புதுப் பட்டை வேண்டும் என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தேன். அந்த அளவுக்கு அதுவரை யாரும் போகவில்லை. நாலு வருஷம் இப்படி நடந்தது. டேக்வாண்டோவில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஆள் முன்னேறினால் பட்டையை அடுத்த தொட்டியில் போடவேண்டும்.

அவருக்கு மட்டும் அந்த ஒரு படி பாக்கியாகவே நின்றது. மாணவர்களுக்கு எதிரில் சிவப்பைக் கட்டுவது பரீட்சை நாளிலும் ஆயுத பூஜையன்றும்தான். மற்ற நாளில் பெட்டியில் இருக்கும். வருஷத்துக்கு இரண்டு கடிதம் லிம் மாஸ்டருக்கு எழுதுவார். பரீட்சைக்கு அவர் முன்னால் நேரில்தான் நிற்கவேண்டும். ஈப்போவுக்குப் போகக் கப்பல் கூலிக்கு எங்கே போவது? வயதோ நாற்பதைத் தாண்டிவிட்டது. வலது முழங்கால் மாடி ஏறும்போது சத்தம் போட ஆரம்பித்தது. ஒருநாள் என்னிடம், "மச்சான், இன்னும் ரெண்டு வருசம்தானுங்க இந்தக் கால் தாங்கும். அதுக்குள்ள கருப்பு வாங்கலைன்னா இந்த ஜென்மத்துக்கு இல்ல," என்றார். அவர் எனக்கு முன்னால் ஆசை என்று ஒன்றைச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

எழுபத்தைந்து ஐப்பசியில் லிம் மாஸ்டரின் பதில் வந்தது. பொங்கல் கழிந்து மெட்ராஸுக்கு வருகிறாராம். அங்கே ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பரீட்சை நடத்துகிறாராம். அர்த்தநாரிக்கும் கருப்புக்கான பரீட்சை உண்டு. மாணவர்களில் இரண்டு மூன்று பேரைக் கூட்டிவரலாம். அந்தக் காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே கட்டிங் மேஜையில் நின்றார். எனக்கும் சந்தோஷம்தான். எத்தனை வருஷம் அந்த மனுஷனைக் கேலி செய்திருக்கிறேன்! இந்த ஒரு விஷயத்தில் அவருக்கு ஏதாவது நல்லது செய்யவேண்டும் என்று மனசு துடித்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டி நான்தான்.

கருப்புத் தொட்டி என் பட்டறையில் வருஷத்துக்கு ஒரு தரம்தான் ஓடும். சபரிமலைக்கு மாலை போடுகிறவர்களுக்குக் கார்த்திகை மாதம் கருப்பு வேட்டி, துண்டு வேண்டும். அப்போது தொட்டி கட்டினால் பத்து நாள் ஓட்டுவேன். அதோடு கழுவிக் கவிழ்த்துவிடுவேன், ஏனென்றால் கருப்பு ஓடிய தொட்டியில் வேறு எந்த நிறமும் சுத்தமாக விழாது. மாப்பிள்ளை கருப்பு வாங்கப்போவது தை மாதம். தையில் என்னிடம் கருப்பு இருக்காது. அடுத்த கார்த்திகை வரைக்கும் மனுஷன் சிவப்பையே கட்டிக்கொண்டு திரிவாரா? எப்படியும் கருப்பு ஆகப்போகிற துணிதானே! நல்லம்மாளிடம் போய்க் கேட்டேன். மாப்பிள்ளைதான் கொடுக்கச் சொன்னார் என்று அவள் நினைத்துக்கொண்டு பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கார்த்திகைத் தொட்டியில் அதைத் தனியாக, என் கையாலேயே, இரண்டு தரம் முக்கினேன். நிழலில் உலர்த்தி மடித்து, எங்கள் பூஜை அறையில் முருகன் படத்துக்குக் கீழே வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

மெட்ராஸுக்கு ரயில் ஏறவேண்டிய அன்று சாயங்காலம் நாலு மணிக்கு அர்த்தநாரி என் வீட்டுக்கு வந்தார்.

"மச்சான், பெல்ட்டை உங்ககிட்டக் குடுத்தேன்னு நல்லம்மா சொன்னாளுங்க."

"இருக்குதுங்க மாப்ள. உக்காருங்க, ஒரு நிமிசம்."

தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமம். நடுவில் பெல்ட். அப்படியே கொண்டுவந்து நீட்டினேன். அவர் தட்டைப் பார்த்தார்.

"இது யாருதுங்க?"

"உங்களுதுதானுங்க. கார்த்திகைத் தொட்டியில போட்டெடுத்தேன். காக்கா தோத்துரும், அப்படியொரு கருப்பு. பத்து வருசம் தொவைச்சாலும் போகாது."

"என்ர செவப்பு?"

"அது மேலதானுங்க மாப்ள இந்தக் கருப்பே."

அவர் பெல்ட்டின் முனையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லிம் மாஸ்டரின் எழுத்து இருந்த இடம். அங்கே ஒன்றும் இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அப்போதும் புரியவில்லை. "பசங்க பட்டையெல்லாம் நீங்கதானுங்களே குடுத்தீங்க? அடுத்த கலரு, அடுத்த கலருன்னு?" என்றேன்.

"ஜெயிச்ச பொறகுதானுங்க மச்சான் குடுத்தேன். ஜெயிக்கறதுக்கு முன்னாடி ஒருத்தனுதாச்சும் குடுத்திருக்கறனா?"

மெதுவாக, எனக்குப் புரியும்படி சொன்னார். பரீட்சைக்குச் சிவப்பைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். கருப்பு, தேறிய பிறகு மாஸ்டர் தன் கையால் கட்டிவிடுகிற வேறு பட்டை. வாங்காத கருப்பை வைத்திருப்பது அவர்களுடைய படிப்பில் திருட்டுக்குச் சமம். நான் உடனே மன்னிப்புக் கேட்டிருக்கவேண்டும். கேட்டேனா? "நல்லது செஞ்சவனுக்கு இதுதானுங்களா மரியாதி?" என்று கத்தினேன். அரை மணி நேரத்தில் வேறு சிவப்புப் பட்டை போட்டுத் தருகிறேன் என்றும் சொன்னேன். "அது மாஸ்டரு கட்டியுட்டது ஆகாதுங்க," என்றார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. சத்தம் கேட்டு ஓடிவந்த நல்லம்மாள் அழுதுகொண்டே, "நீங்களும் கூடப் போங்கண்ணா, அவரைத் தனியா உடாதீங்க," என்றாள். ஒரு மாற்று வேட்டியோடு கிளம்பினேன். திருமூர்த்தியும் இரண்டு தையல்காரர்களும் வேறு பெட்டியில் இருந்தார்கள். அவர்களுக்கு எதுவும் தெரியாது.

மண்டபத்தில் நிற வாரியாக வரிசை நிறுத்தினார்கள். அர்த்தநாரி உடுப்பின் இடுப்பை ஒரு காடா நாடாவால் கட்டிக்கொண்டு, வெள்ளை பெல்ட் பிள்ளைகளுக்கும் பின்னால், கடைசியில் போய் நின்றார். நாற்பத்திரண்டு வயது, காதோரம் நரை. முன்னால் நின்ற பிள்ளை அவர் இடுப்பு உயரம்கூட இல்லை. நான் சுவர் ஓரமாக இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். லிம் மாஸ்டர் ஒல்லியான கிழவர், கண்ணாடி போட்டிருந்தார். அர்த்தநாரியைப் பார்த்ததும் ஓடிவந்து இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். ஆறு வருஷம் கழித்துப் பார்க்கிறார், அவருக்குக் கண் கலங்கியது. பிறகு இடுப்பைப் பார்த்தார். மலாய் மொழியில் என்னமோ கேட்டார். அர்த்தநாரி பையைத் திறந்து கருப்பு பெல்ட்டை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தார்.

கிழவர் முனையைத் திருப்பிப் பார்த்தார். ஏதோ கேட்டார். அர்த்தநாரி ஒரே வார்த்தையில் பதில் சொன்னார். கிழவர் நம்பாதவர் மாதிரி திரும்பவும் கேட்டார். திரும்பவும் அதே வார்த்தை. கிழவரின் முகம் சுருங்கிவிட்டது. மண்டபம் முழுக்கக் கேட்கும்படி இங்கிலீஷில் கொஞ்ச நேரம் பேசினார். எனக்கு மலாயும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. எல்லாத் தலையும் அர்த்தநாரி பக்கம் திரும்பியது மட்டும் தெரிந்தது. திருமூர்த்தி வாயைப் பிளந்துகொண்டு நின்றான். லிம் மாஸ்டர் பெல்ட்டை மடித்துத் தன் மேஜைமேல் வைத்துக்கொண்டார். அர்த்தநாரி குனிந்து வணங்கிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "வாங்க போலாம்," என்றேன். "பரீச்சை முடியறவரைக்கும் எந்திரிக்கக் கூடாதுங்க," என்றார். சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். திருமூர்த்தி தேறியபோது கைதட்டினார்.

திரும்பும்போது ஈரோடு தாண்டி விடிந்தது. என்னால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"என்னதானுங்க கேட்டாரு அந்த ஆளு?"

"இதுக்கு யாரு சாயம் போட்டதுன்னு கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"நான்தான்னு சொன்னேன்."

"ஏனுங்க மாப்ள? பக்கத்துலதான நான் உக்காந்திருந்தேன்? இந்தக் கிறுக்கன்தான்னு கையைக் காட்டியிருக்கலாமில்லீங்களா?"

"காட்டியிருந்தா உங்களைக் கூப்புட்டு நடுவுல நிறுத்துவாரு. அத்தன பேருக்கு முன்னாடி நீங்க கையக் கட்டிட்டு நிக்கோணும். எம்பட மச்சானை அப்படி நிக்க உட்டுப்போட்டு நான் கருப்புக் கட்டோணுமா? பன்னண்டு வருசம் நல்லம்மாளுக்குச் சோறு போட்டது நீங்க." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவரு இருக்கற வரைக்கும் எனக்குக் கருப்பு இல்லைன்னுட்டாரு. ஆனா ஒண்ணுங்க மச்சான். இனிமே என்ர துணி ஒண்ணையும் தொட்டுப்போடாதீங்க."

நான் முகத்தை மேல்துண்டால் மூடிக்கொண்டேன்.

நாங்கள் வீட்டுக்கு வந்துசேர்வதற்குள் செய்தி கம்பெனிக்குப் போய்விட்டது. திருமூர்த்தி ஒன்றும் இட்டுக்கட்டவில்லை, காதால் கேட்டதைத்தான் சொன்னான். பரீட்சைக்கு நிற்காமலேயே தனக்குத் தானே கருப்புச் சாயம் போட்டுக்கொண்டார், அவருடைய மாஸ்டர் எதிரிலேயே ஒப்புக்கொண்டார் என்று. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? போலி மாஸ்டர் என்றார்கள். அவர் மலேயாவில் படித்ததே பொய்யாக இருக்கும் என்றார்கள். ரத்தினசாமி மரியாதையாகவே, "குடோன்ல சரக்கு வெக்கோணுமுங்க மாஸ்டர்," என்று சொல்லி இடத்தை வாங்கிக்கொண்டார். இருபது பேரில் மணியனும் இன்னும் மூன்று பேரும் மிஞ்சினார்கள். ஆற்றுமணலில் வகுப்பு நடந்தது. ஒரு வருஷத்தில் மணியனும் நின்றுவிட்டான். பெண்டாட்டி கேலி செய்கிறாளாம். இரண்டு வருஷத்தில் லிம் மாஸ்டர் இறந்துவிட்டதாக ஈப்போவிலிருந்து ஒரு கார்டு வந்தது.

நான் ஏன் அப்போதே சொல்லவில்லை? என்னைப் பார்த்து நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே கேட்டுக்கொண்டாகிவிட்டது. ரத்தினசாமியின் கம்பெனிதான் என் பட்டறைக்குப் பாதிச் சரக்கு தருகிறது. அவருடைய மருமகனைப் பொய்யாக்கினால் என்ன ஆகும் என்று பயந்தேன். காவடிக் குழுவில் தலைவர் நாற்காலி எனக்கு. அங்கே நாலு பேர் சிரிப்பார்களே என்று வெட்கப்பட்டேன். நாளைக்குச் சொல்லலாம், நாளன்னைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். அர்த்தநாரி ஒருநாள்கூட என்னைக் கேட்கவில்லை. தினமும் காலையில் ஆற்றுக்குப் போவார். எட்டு மணிக்குக் கட்டிங் மேஜை. அவரைக் கடந்துபோகிற பயல்கள் முதுகுக்குப் பின்னால் காலைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பார்கள். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமல் வேலை பார்ப்பார்.

இந்த வருஷம் ஆயுத பூஜையன்று ரத்தினசாமி கம்பெனியில் ஐம்பது பேர் கூடியிருந்தோம். பூஜை முடிந்து பொரி கடலை கொடுத்தார்கள். அர்த்தநாரி மட்டும் கால் வலி என்று வரவில்லை. கோயமுத்தூரிலிருந்து ஒரு கராத்தே மாஸ்டரை வரவழைத்துக் குடோனில் புது வகுப்பு ஆரம்பிக்கப்போவதாகத் திருமூர்த்தி எழுந்து பேசினான். "இந்தத் தடவை நெசமான கருப்பு பெல்ட்டுங்க. நொய்யல் கருப்பு இல்ல," என்றான். மொத்தக் கூட்டமும் சிரித்தது. பழைய மாணவர்கள் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அவர்களும் சிரித்தார்கள்.

பொரித் தட்டை வைத்துவிட்டு எழுந்தேன். "அந்தக் கருப்பைப் போட்டது நானுங்க!" என்று கத்தினேன். கார்த்திகைத் தொட்டி, நல்லம்மாள் எடுத்துக் கொடுத்தது, தட்டில் வைத்து நீட்டியது, ரயிலில் அவர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். மூச்சு வாங்கியது. கண்ணீர் வந்தது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை. ஐம்பது பேரும் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பொறுமையாகக் கேட்டார்கள்.

முடித்ததும் ரத்தினசாமி எழுந்து வந்து என் தோளைத் தொட்டார். "உக்காருங்க கன்னையண்ணா. உங்க மனசு புரியுதுங்க. தங்கச்சி புருசனை உட்டுக்குடுக்க முடியுமுங்களா? உங்க எடத்துல நான் இருந்தாலும் இதைத்தான் சொல்லுவேன்."

"நெசமுங்க! முருகன் மேல ஆணை!"

"செரிங்க, செரிங்க. யாரு இல்லைன்னா? பொரி எடுத்துக்குங்க."

பன்னிரண்டு பேரையும் பார்த்தேன். ஒருவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். மணியன், "மூணு வருசம் இவரு எங்கீங்க போயிருந்தாரு?" என்று பக்கத்து ஆளின் காதில் கேட்டது எனக்கே கேட்டது. திருமூர்த்தி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். எவ்வளவு மரியாதை! அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நேரே அர்த்தநாரி வீட்டுக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். முதலில் கோபப்பட்டார். அந்த மனுஷனுக்குக் கோபம் வந்து அதுவரை நான் பார்த்ததே இல்லை.

"எதுக்குங்க மச்சான் இப்பப் போயிச் சொன்னீங்க? இத்தன நாளா நான் ஒருத்தன்தான் பொய்யன். இப்ப ரெண்டு பேருமா?"

அவர் திரும்பவும் எண்ணெய் தேய்த்தார். என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"நம்ம ஆளுக இருந்தாங்களா?"

"இருந்தாங்க. பன்னண்டு பேரு."

"ஒருத்தனாச்சும் நம்புனானுங்களா?"

"நம்புனானுங்க மாப்ள. ஒருத்தன் நம்புனான்."

அவர் கை நின்றது. நிமிர்ந்து பார்த்தார். லிம் மாஸ்டரின் கடிதம் வந்த அன்றைக்குக்கூட அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

"யாருங்க?" என்றார்.

பன்னிரண்டு பேரின் பெயரும் எனக்குத் தெரியும். ஒன்றுகூட வாயில் வரவில்லை.